ஒலி வந்து சேரும் முனை: சென்னை வானொலி வரலாற்றில் ஏற்புக் கருவியும் பழுதும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக வானொலி வரலாறு பெரிதும் அனுப்பும் முனையிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. நிலையம் தொடங்கிய நாள், நிலைய இயக்குநர், இசைக்கலைஞர், மொழிக்கொள்கை ஆகியவையே அதன் பேசுபொருள்கள். ஒலியைப் பெறும் முனையில் இருந்த கருவி, அதைப் பொருத்தியவர், அது பழுதுற்றபோது சரிசெய்தவர் ஆகியோர் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். 1924 இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றத்திலிருந்து இன்றைய வலையமைப்பு ஒலிக் குறிவிலக்கி வரையிலான ஏற்புக் கருவிகளின் வரலாற்றை, அவற்றில் நேர்ந்த பழுதுகளின் வழியாக இக்கட்டுரை அணுகுகிறது. பழுதைக் கண்டறிந்து நீக்கும் பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து வீட்டாருக்கும், வீட்டாரிடமிருந்து முகம் தெரியாத பல கைகளுக்கும் இடம்பெயர்ந்துள்ளது என்பது கட்டுரையின் கருதுகோள். இராயபுரம் கல்மண்டபம் பகுதியில் மேற்கொண்ட சிறு களப்பணி இக்கருதுகோளைச் சோதிக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது.

திறவுச் சொற்கள்: பொதுக்கேட்பு, வானொலி ஏற்பி, வலையமைப்பு ஒலி, குறிவிலக்கி, பழுது, வடசென்னை, மீனவர்

1. முன்னுரை

ஒலிபரப்பு என்னும் சொல்லே பரப்புவோரை முன்னிறுத்துகிறது. பரப்பிய ஒலி எங்கே, எந்தக் கருவியில், யார் காதில் விழுந்தது என்னும் வினா அச்சொல்லுக்குள் இல்லை. நிலையக் கட்டடத்திற்குத் திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. ஏற்புக் கருவிக்கு அத்தகைய ஆவணம் இல்லை. பழுதாகிப் பழைய இரும்புக் கடைக்குச் சென்ற பெட்டியோடு அதன் வரலாறும் முடிந்துவிடுகிறது.

ஆயினும் ஒரு தொடர்பியல் ஊடகம் சமூகத்தில் எவ்வாறு இயங்கியது என்பதை அறிய, அது நின்றுபோன தருணங்கள் சிறந்த சான்றாகின்றன. ஒழுங்காகப் பேசும் பெட்டியைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. அது பேசாதபோதுதான் யாரை அழைப்பது, யார் செலவு செய்வது, யாருக்கு அந்த நுட்பம் தெரியும் என்னும் வினாக்கள் எழுகின்றன. ஊடகத்தின் பின்னாலுள்ள அதிகார உறவுகள் அப்போது வெளிப்படுகின்றன.

இக்கட்டுரையின் களமான கல்மண்டபம், சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரத்தில் உள்ளது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்ட இராயபுரம் நிலையமும், காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் இதற்கு அண்மையில் உள்ளன. கப்பல், தொடர்வண்டி, மீன்பிடி ஆகிய மூன்றும் தொலைவிலிருந்து வரும் செய்தியை நம்பி நடப்பவை. எனவே செய்தி வந்து சேர்தல் இப்பகுதி மக்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

2. மன்றமும் மாநகராட்சியும் (1924–1938)

சென்னை மாகாண வானொலி மன்றம் 1924 மே 16 அன்று நிறுவப்பட்டது. அதன் முன்னோடி மின்பொறியாளர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. அவ்வாண்டு ஜூலை 31 அன்று மன்றத்தின் ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் 40 வாட், பின்னர் 200 வாட் ஆற்றல்கொண்ட பரப்பியை மன்றம் பயன்படுத்தியது. இன்று திருவிழாப் பந்தலில் வைக்கும் ஒலிபெருக்கியின் ஆற்றலைவிடவும் இது குறைவு. இத்துணை மெலிந்த அலையைப் பிடிப்பதற்குக் கேட்பவரின் கருவி கூர்மையானதாக இருக்க வேண்டும். எனவே மன்றத்தின் நேயர்கள் ஏறத்தாழ அனைவரும் கருவியைத் தாமே கையாளத் தெரிந்தவர்களாக இருந்தனர். அனுப்புவோருக்கும் கேட்போருக்கும் இடையே நுட்ப அறிவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

பணநெருக்கடியால் மன்றம் 1927 அக்டோபரில் ஒலிபரப்பை நிறுத்தியது. அவ்வாண்டு ஜூலை 23 அன்று பம்பாயில் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியும் 1930 மார்ச்சில் கலைப்பு நிலைக்கு வந்தது. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10 ரூபாய். அதைச் செலுத்திய உரிமதாரர்கள் நாடு முழுவதிலும் அப்போது 8,000 பேர்கூட இல்லை. தனியார் வீடுகளில் உள்ள பெட்டிகளை மட்டும் நம்பி ஓர் ஒலிபரப்பு நிலைக்க இயலாது என்பதை இவ்விரு தோல்விகளும் உணர்த்தின.

சென்னையில் நிகழ்ந்த அடுத்த மாற்றத்தை இப்பின்னணியில் காண வேண்டும். மன்றம் தன் பரப்பியைச் சென்னை மாநகராட்சிக்கு வழங்கியது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மாலை 5.30 முதல் 7.30 வரை இசை, பள்ளி நாள்களில் மாணவர்க்கான பாடமும் கதையும், விடுமுறை நாள் காலையில் இசைத்தட்டு என நிகழ்ச்சிகள் அமைந்தன. உள்ளாட்சி அமைப்பு ஒன்று தானே வானொலி நடத்தியது இந்திய அளவில் அரிய முயற்சியாகும்.

நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி வேறொன்று. மாநகராட்சி ஒலியைப் பரப்புவதோடு நிற்கவில்லை. பூங்கா, கடற்கரை போன்ற பொது இடங்களில் ஏற்பியும் ஒலிபெருக்கியும் அமைத்து, ஒலி மக்களைச் சேரும் முனையையும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. உரிமம் வாங்க இயலாத துறைமுகக் கூலியும் கைவண்டி இழுப்பவரும் காசின்றி வானொலி கேட்க இதுவே வழி. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பூங்கா ஆகியவற்றின் வரிசையில் ஒலியும் ஒரு குடிமை வசதியானது. விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியிடம் முறையிடுவதுபோல, ஒலிபெருக்கி பேசவில்லை என்றாலும் முறையிட ஓர் அலுவலகம் இருந்தது.

3. அரசு நிலையமும் பொதுக்கேட்பும்

1936 ஜூன் 8 அன்று அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்ற அரசு ஒலிபரப்பு அமைப்பு, 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையத்தைத் தொடங்கியது. மாநகராட்சியின் ஒலிபரப்பு அத்துடன் முடிவுற்றது. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. சென்னையில் 250 வாட் மத்திய அலைப் பரப்பி ஒன்றும் 10 கிலோவாட் சிற்றலைப் பரப்பி ஒன்றும் நிறுவப்பட்டன. மத்திய அலை நகருக்கு. சிற்றலை மாகாணத்தின் பரந்த நிலப்பரப்புக்கு.

இத்தொழில்நுட்பத் திட்டமிடலில் முதன்மைப் பங்காற்றியவர் தலைமைப் பொறியாளர் சிசில் காய்டர். இவர் பள்ளி மாணவராக இருந்தபோதே, 1924 அக்டோபர் 18 அன்று, இலண்டனிலிருந்து நியூசிலாந்துடன் சிற்றலை வழியே முதல் இருவழித் தொடர்பை ஏற்படுத்தியவர். குறைந்த செலவில் நெடுந்தொலைவு செல்லும் சிற்றலையின் ஆற்றலை அவர் நேரில் அறிந்திருந்தார். ஆனால் சிற்றலைக்கு ஒரு விலை உண்டு. அது வானின் அயனி மண்டலத்தில் பட்டு மீள்வதால் பகலிலும் இரவிலும் அதன் வலிமை மாறும், ஏறி இறங்கும், திடீரென மங்கும். அனுப்பும் முனையில் மிச்சமான செலவு, கேட்கும் முனையில் உழைப்பாக மாறியது. நல்ல ஏற்பியும், உயரமான அலைவாங்கிக் கம்பியும், திருகியைப் பொறுமையுடன் திருப்பும் கையும் நேயரிடம் எதிர்பார்க்கப்பட்டன.

மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் பொதுக்கேட்புப் பெட்டிகள் ஈய அமில மின்கலங்களால் இயங்கின. கலம் தீர்ந்தால் அதை நகருக்குக் கொண்டுசென்று மின்னேற்றம் செய்து மீட்டுவர வேண்டும். வட இந்தியாவில் 1930 களில் நடந்த கிராம வானொலிச் சோதனைகளில் ஒரே நிலையத்திற்கு முன்கூட்டியே பொருத்திப் பூட்டப்பட்ட பெட்டிகள் பயன்படுத்தப்பட்டன. ஊரார் திருகியைத் தொட்டுக் கெடுத்துவிடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வேறு நிலையத்தைக் கேட்டுவிடக்கூடாது என்பதும் அதன் விளைவு. பராமரிப்பும் கட்டுப்பாடும் ஒரே பூட்டுக்குள் இருந்தன. பொதுக்கேட்பை நாம் போற்றும்போது இவ்வரம்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விடுதலைக்குப் பின் சமுதாய வானொலிப் பெட்டிகள் பரவலாயின. 1956 இல் யுனெஸ்கோ துணையுடன் புனே வட்டாரத்தில் நடந்த வானொலி உழவர் மன்றச் சோதனை, கேட்டலோடு கலந்துரையாடலையும் இணைத்தது. தமிழகத்தில் ஊராட்சி அலுவலகத்திலும் நகராட்சிப் பூங்காவிலும் வானொலி அறை கட்டி, கூரைமேல் கூம்பு ஒலிபெருக்கியை வைப்பது வழக்கமாயிற்று. மாலைச் செய்தி நேரத்தில் அதனடியில் கூடி நின்ற கூட்டத்தை அத்தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

பொதுவெளியில் கூடிக் கேட்பது வடசென்னைக்கு அரசியல் பழக்கமாகவும் இருந்தது. 1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அப்பூங்கா இன்று அறிஞர் அண்ணா பெயரைத் தாங்கியுள்ளது. அரசு வானொலியில் இடம்பெறாத குரல்கள் ஒலிபெருக்கியின் வழியே இப்பகுதி மக்களை அடைந்தன. அனுப்புவோரும் கேட்போரும் ஒரே திடலில் நின்றதால், ஒலி சேரவில்லை என்றால் கூட்டமே குரல் எழுப்பித் தெரிவித்துவிடும்.

4. தனிக்கேட்பு: கேட்பவரே வல்லுநர்

1960 களில் டிரான்சிஸ்டர் பெட்டி பரவியபோது ஏற்பி மனிதரோடு நடக்கத் தொடங்கியது. வால்வு வானொலி சூடேறிப் பேசச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் உடனே பேசியது. மின்கல அடுக்குக்கு மாற்றாக இரண்டு அல்லது நான்கு சிறு பேட்டரிகள் போதுமாயின. துறைமுகத்தை ஒட்டி 1969 இல் உருவான பர்மா பஜார், அயல்நாட்டுப் பெட்டிகள் கைமாறும் இடமாயிற்று. வெளிநாட்டுக் கப்பலும் பாரிமுனைக் கடையும் வடசென்னை வீடும் ஒரு கண்ணியில் இணைந்தன.

இக்காலத்தில் கேட்பவரின் தெரிவும் விரிந்தது. 1952 இல் அகில இந்திய வானொலியில் திரையிசை ஒடுக்கப்பட்டபோது நேயர்கள் இலங்கை வானொலியை நோக்கித் திரும்பினர். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிய சிற்றலைப் பரப்பி 1949 இல் இலங்கை வானொலி வசம் வந்திருந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டது இவ்விழப்பை ஈடுகட்டவே. மையத்தின் கொள்கையை விளிம்பிலிருந்த திருகி மாற்றியமைத்த நிகழ்வு இது. பூட்டப்பட்ட பெட்டியில் இது நிகழ்ந்திருக்க இயலாது.

தனிக்கேட்பு ஒரு நுட்ப அறிவுமரபையும் உருவாக்கியது. அலைவாங்கிக் கம்பியை எத்திசையில் கட்டினால் கொழும்பு தெளியும், எர்த் கம்பியை ஈரமண்ணில் எவ்வளவு ஆழம் இறக்கினால் இரைச்சல் குறையும், மழைக்காலத்தில் எந்த மீட்டர் அலை நிற்கும் என்பவை ஏட்டில் எழுதப்படாத பொது அறிவாயின. இதற்கு மேற்பட்ட பழுதுக்குத் தெருமுனையில் ரேடியோ மெக்கானிக் இருந்தார். அவர் வெள்ளீயப் பற்றவைப்புக் கம்பியும் பன்மானியும் கொண்டு, ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து, எந்தக் கட்டத்தில் ஒலி சாகிறது எனக் கண்டறிவார். பழுதைப் பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடும் அம்முறை, பின்னர் காணவிருப்பதுபோல, இன்றும் செல்லும்.

இக்காலகட்டத்தில் செலவும் பொறுப்பும் முழுமையாக வீட்டாருடையவை. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் செலுத்திவந்த வானொலி உரிமக் கட்டணம் 1985 இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கேட்பவருக்கும் அரசுக்கும் இடையே எந்தப் பதிவேடும் இல்லாமற்போனது.

5. வலையமைப்பு ஒலி

ஒலியை வான்வழி அன்றிக் கம்பிவழி அனுப்புவது புதிதன்று. நிலைய அரங்கிலிருந்து பரப்பிக்கு ஒலி தொலைபேசித் துறையின் தனித்தடங்களில் சென்றது. 1983 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்ட இன்சாட் 1பி, நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்தது. ஆனால் இவையெல்லாம் நிலையங்களுக்கு உள்ளே நடந்தவை. நேயரின் பெட்டி அலையையே ஏற்றது.

இணையம் இந்நிலையை மாற்றியது. 1993 இல் தரப்படுத்தப்பட்ட எம்பி3 குறிமுறை, காதால் பிரித்தறிய இயலாத கூறுகளை நீக்கி ஒலியைச் சுருக்கியது. குறுந்தட்டின் ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை; எம்பி3 க்கு 128 கிலோபிட் போதும். அதாவது ஒரு மணிநேர ஒலி 57.6 மெகாபைட்டுக்குள் அடங்கும். 1995 இல் ரியல் ஆடியோ இணையத்தில் ஒலியை ஓடவிட்டது. நிகழ்நேர ஒலியைப் பொட்டலங்களாக அனுப்பும் ஆர்டிபி நெறிமுறை 1996 இல் வெளியாயிற்று. பிபிசி தமிழோசை 1941 முதல் நடத்திவந்த சிற்றலை ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தியபோது, தமிழுலகில் ஒரு காலம் முடிந்தது.

வலையமைப்பு ஒலிக் குறிவிலக்கி என்பது, கடைத்தெருவில் டிகோடர் என வழங்கும் சிறு பெட்டி. அதற்கு ஒருபுறம் வலையமைப்புக் கம்பி. மறுபுறம் ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி. அதன் வேலை நான்கு படிகளைக் கொண்டது. முதலில் உள்ளூர் வலையமைப்பில் தனக்கென ஒரு முகவரியைப் பெற வேண்டும். அடுத்து, குறிப்பிட்ட சேவையகத்தை அடைந்து ஒலியோடையைக் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவது, முன்னும் பின்னுமாக வரும் பொட்டலங்களைத் தற்காலிகக் கிடங்கான பஃபரில் சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். இறுதியாகக் குறிமுறையை நீக்கி ஒலி அலையாக மாற்ற வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாரிக்ஸ் நிறுவனக் கருவிகள் சில, மின்சாரம் ஏறியதும் தமக்குக் கிடைத்த முகவரியை ஒலிபெருக்கியில் வாய்விட்டே சொல்லிவிடும். திரையில்லாத பெட்டி தன் கதவு எண்ணைத் தானே அறிவிக்கும் ஏற்பாடு அது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். சிற்றலை மங்கும்போது இரைச்சலுக்கு நடுவேயும் சொல் கேட்கும். கேட்பவர் ஊகித்து நிரப்பிக்கொள்வார். எண்முறை ஒலிக்கு அந்த இடைநிலை மிகக் குறைவு. வந்தால் தெளிவாக வரும். இல்லையேல் அறவே இராது. அமைதியின் காரணத்தை அமைதியே சொல்வதில்லை. பழைய பெட்டியின் கரகரப்பு ஒரு தகவல். புதிய பெட்டியின் மௌனம் தகவலற்றது.

6. கல்மண்டபம்: ஒரு களக் குறிப்பு

கல்மண்டபம் அருகே இளைஞர் சிலர் நடத்தும் படிப்பகம் ஒன்றில், தமிழ்ச் செய்தியையும் வானிலை அறிக்கையையும் மாலைதோறும் ஒலிக்கச் செய்ய விரும்பினர். நாளிதழ் படிக்க வரும் முதியோருள் பலருக்குக் கண் மங்கியிருந்தது என்பதே காரணம். இரண்டாம் கையாக வாங்கிய குறிவிலக்கி ஒன்றும் பழைய ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தன. கட்டுரையாளர் உடனிருந்து பொருத்தினார். முதல்நாள் மாலை விளக்குகள் எரிந்தன, ஒலி வரவில்லை. கடலுக்குச் செல்வதை நிறுத்தி ஆண்டுகள் பலவான பெரியவர் ஒருவர் பெட்டியைக் குனிந்து பார்த்து, "இன்னாம்மா இது, உசுரு கீது, வாய தொறக்க மாட்டேங்குதே" என்றார். பழுதின் வரையறையாக இதைவிடத் துல்லியமான வாக்கியம் கையேட்டில் இல்லை.

ரேடியோ மெக்கானிக்கின் பழைய முறையே பின்பற்றப்பட்டது. குறிவிலக்கியை விலக்கி, கைப்பேசியின் ஒலியை நேரே பெருக்கிக்குக் கொடுத்தபோது ஒலி வந்தது. எனவே பெருக்கியும் ஒலிபெருக்கியும் நலம், பழுது முன்பாதியில். குறிவிலக்கியின் முகவரி 169.254 எனத் தொடங்கியது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காத கருவி தானே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. கம்பியின் முனைச்செருகியைக் கழற்றிப் பார்த்தபோது செப்புப் பற்களில் பச்சை படர்ந்திருந்தது. கடற்காற்றின் உப்பு செய்த வேலை. செருகியை மாற்றியதும் முகவரி கிடைத்தது.

ஒலி அப்போதும் வரவில்லை. உள்வலையமைப்பில் மடிக்கணினியிலிருந்து ஓர் இசைக் கோப்பை ஓடவிட்டபோது குறிவிலக்கி அதை ஒலித்தது. எனவே கருவி நலம், பழுது வெளியே. கேட்க விரும்பிய நிலையத்தின் ஒலியோடை மறையாக்கம் செய்த முகவரிக்கு மாற்றப்பட்டிருந்தது. பழைய குறிவிலக்கிக்கு அம்மறையாக்கம் தெரியாது. பெட்டியில் எந்த உறுப்பும் கெடவில்லை. உலகம் மாறியதால் அது ஊமையாயிற்று. கையளவு கணினி ஒன்றை இடையில் வைத்து, அது ஓடையைப் பெற்று எளிய வடிவில் குறிவிலக்கிக்குத் தரும்படி அமைத்த பின்னரே முதல் சொல் கேட்டது.

அடுத்த நாள்களில் வேறு மூன்று குறைகள் தோன்றின. இரவு எட்டு மணியளவில் ஒலி துண்டு துண்டானது. அந்நேரத்தில் அக்கம்பக்க வீடுகளெல்லாம் காணொளி பார்ப்பதால் பொட்டலங்கள் தாமதமாயின. பஃபரை ஒரு நொடியிலிருந்து ஆறு நொடியாக உயர்த்தியதும் அது நின்றது. இரண்டாவது, ஓயாத ரீங்காரம். கணினியும் பெருக்கியும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆனதால் எழும் 50 ஹெர்ட்ஸ் ஒலி அது. இடையில் சிறு தனிப்படுத்து மின்மாற்றி வைத்ததும் அடங்கியது. மூன்றாவது, மின்தடைக்குப் பின் வரும் மௌனம். மின்சாரம் மீண்டதும் குறிவிலக்கி சில நொடிகளில் விழித்து முகவரி கேட்கிறது. ரவுட்டர் விழிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகிறது. கேட்டும் விடை பெறாத கருவி மீண்டும் கேட்காமல் நின்றுவிடுகிறது. ரவுட்டரின் பங்கீட்டு எல்லைக்கு வெளியே நிலையான முகவரி ஒன்றைக் குறிவிலக்கிக்கு அளித்து, மூன்று கருவிகளையும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் இணைத்ததன் மூலம் இது தீர்ந்தது.

இறுதியாக எஞ்சியதைப் பழுது எனச் சொல்ல இயலாது. பெரியவர் தம் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து அதே நிலையத்தை வைத்தார். டிரான்சிஸ்டர் முதலில் பேசியது. ஏறத்தாழ அரை நிமிடம் கழித்துக் குறிவிலக்கி அதையே சொன்னது. சேவையகம், வழியிலுள்ள கிடங்குகள், பஃபர் ஆகியவற்றின் கூட்டுத் தாமதம் அது. படிப்பகச் சுவர்க்கடிகாரத்தை அதன்பின் டிரான்சிஸ்டரின் நேரக்குறி கொண்டே திருத்தினர்.

இக்களக் குறிப்பு உணர்த்துவது இது. ஐந்து குறைகளில் மூன்று உள்ளூரின: உப்பு, எர்த், மின்தடை. இவற்றை நீக்கும் அறிவு வடசென்னையில் தலைமுறைகளாக உண்டு. நெரிசலின் காரணம் பாதி உள்ளூரிலும் பாதி சேவை வழங்குநரிடமும் இருந்தது. மறையாக்க மாற்றமோ முற்றிலும் வெளியே நிகழ்ந்தது; அதைப் பற்றி முறையிட எந்த அலுவலகமும் இல்லை. 1930 இன் பூங்கா ஒலிபெருக்கிக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். இன்றைய குறிவிலக்கிக்குப் பலர் இருக்கின்றனர், ஆகவே எவருமில்லை. கருவியின் கையேடும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்திலேயே இருந்ததால், கல்லூரி சென்ற இளைஞர் ஒருவர் இல்லாத நாளில் பழுது பழுதாகவே கிடந்தது.

7. கடல் முனை

முதியோர் செய்தி கேட்கத் தவறுவது சிறு இழப்பு எனத் தோன்றலாம். அதே இழப்பு கடலில் உயிரிழப்பாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தென்கடலைத் தாக்கியபோது, பல நாள் மீன்பிடிப்புக்காக ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களைப் புயல் எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை. கைப்பேசி அலை கரையை ஒட்டிய சில கல் தொலைவுக்கு மேல் செல்லாது. அனுப்பும் முனையில் அறிக்கை வெளியாயிற்று. பெறும் முனையில் கருவி இல்லை. அனுப்பியதையே சேர்ந்ததாகக் கொள்ளும் எண்ணத்தின் விலை அது.

இதன் பின்னர், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் வழியே மீனவரின் கைப்பேசியில் வட்டார மொழியில் காட்டுவது அதன் பணி. வலையமைப்பு இல்லாத இடத்திற்கான குறிவிலக்கி அது. ஆனால் அது ஒருவழிக் கருவி. செய்தி கிடைத்தது என மீனவர் அதன்வழி மறுமொழி சொல்ல இயலாது. அனுப்பிய செய்தி சேர்ந்ததா என்னும் பழைய வினா இங்கும் எஞ்சுகிறது.

கரையிலும் நிலை முற்றிலும் வேறன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. 2015 வெள்ளத்தை அடுத்துக் கடலூரில் 107.8 பண்பலையில் பேரிடர்கால வானொலி இயக்கப்பட்டது. வலையமைப்பு வீழ்ந்த இடத்தில் அலையே மீண்டும் கைகொடுத்தது. 1977 இல் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கிய நகரம் சென்னை என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பேட்டரியில் ஓடும் எளிய பண்பலைப் பெட்டி, இருள் சூழ்ந்த வீட்டில் செயல்படும் கருவிகளுள் இறுதியானது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, சென்னையில் வானொலி கேட்டல் தொடக்கத்தில் ஒரு குடிமை வசதியாக அமைந்தது. ஏற்புக் கருவியின் பராமரிப்பை உள்ளாட்சி ஏற்றதே அதன் அடிப்படை. தனிக்கேட்பின் வளர்ச்சி கேட்பவருக்கு உரிமையையும் தெரிவையும் தந்தது. கூடவே பராமரிப்புச் சுமையையும் அவர்மேல் ஏற்றியது. வலையமைப்புக் காலத்தில் சுமை கேட்பவரிடமே இருக்க, பழுதை நீக்கும் ஆற்றல் அவர் கையைவிட்டுச் சென்றுள்ளது.

இரண்டாவது, பழுது நீக்கும் முறை மாறவில்லை. கலீனாப் படிகத்தில் நுண்கம்பி தொடும் இடத்தைத் தேடியவரும், வால்வைத் தட்டிப் பார்த்தவரும், முகவரியைச் சோதிப்பவரும் ஒரே வினாவைத்தான் கேட்கின்றனர்: ஒலி எதுவரை வந்தது? இவ்வறிவுமரபைத் தமிழில் பதிவுசெய்வது மொழிக்கும் தொழிலுக்கும் ஒருங்கே பயன்தரும். எஞ்சியுள்ள ரேடியோ மெக்கானிக்குகளின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது காலத்தால் செய்ய வேண்டிய பணி. அவர்களில் பலர் முதுமையில் உள்ளனர்.

மூன்றாவது, எச்சரிக்கை சார்ந்த ஒலிபரப்பில் அலையும் வலையமைப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மீன்பிடித் துறைமுகம், படிப்பகம், சமுதாயக்கூடம் போன்ற இடங்களில் வலையமைப்புக் குறிவிலக்கியோடு, பேட்டரியில் இயங்கும் பண்பலை அல்லது மத்திய அலை ஏற்பி ஒன்றும் வைத்து, ஒன்று மௌனமானால் மற்றொன்று பேசும்படி அமைப்பது எளிது. கடினமானது, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைப்பது. 1930 இல் சென்னை மாநகராட்சி செய்தது அதைத்தான்.

கல்மண்டபத்துப் படிப்பகத்தில் இப்போது குறிவிலக்கிக்கு அருகே நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. எந்நாள் ஒலி நின்றது, எங்கே பழுது, யார் சரிசெய்தார் என்பவை அதில் தமிழில் எழுதப்படுகின்றன. டிரான்சிஸ்டரும் அதே அலமாரியில் இருக்கிறது.